ஸ்பிட்டியில் பனிக்கால முகாம்: அந்த ஓர் இரவிலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள்

பிப்ரவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கு வண்டிகளில் போய் ஒரு ராத்திரியாவது பனியில் டென்ட் போட வேண்டும் என்று நாலு பேர் கூடிப் பேசினால், பேச்சு உடனே டயருக்கும் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டுக்கும் போய்விடுகிறது. வண்டி கடைசியில் வர வேண்டிய விஷயம். டென்ட் எந்த இடத்தில், அன்றிரவு எவ்வளவு குளிரும், தாங்க முடியாவிட்டால் யார் வீட்டுக்குள் போய்ப் படுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் நாட்கணக்கு, வழி, சாமான் எல்லாம் அதிலிருந்தே பிறக்கும்.

ஸ்பிட்டியின் தலைமை ஊரான காஸா சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் மைனஸ் 20 அங்கே சாதாரணம், அதற்குக் கீழும் இறங்கும். லாங்ஸா, ஹிக்கிம், கோமிக் ஆகிய கிராமங்கள் 4,400 மீட்டர் அளவிலும் அதற்கு மேலும் இருப்பவை. படம் எடுக்க அவைதான் அழகு, அதனாலேயே எல்லோரும் டென்ட்டை அங்கே போட ஆசைப்படுகிறார்கள். முதல் தடவை வரும் குழுவுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பகலில் லாங்ஸா போய்விட்டு, இரவுக்குக் காஸா அல்லது பக்கத்து ஊரான ரங்ரிக் பக்கம் இறங்கிவிடுங்கள். காஸாவில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு மூச்சு முட்டினால், லாங்ஸாவிலிருந்து உறைந்த கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது தனி ஆபத்து.

முகாம் இடத்துக்கு நான் பார்ப்பவை இவை. மேலே 30 முதல் 45 டிகிரி சாய்வில் பனி ஏறிய சரிவு இருக்கக் கூடாது, பனிச்சரிவுகள் பெரும்பாலும் அந்தச் சாய்வில்தான் கிளம்புகின்றன. ஆற்றுப் படுகையிலும் வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கும். இருபது முப்பது மீட்டர் மேலே உள்ள திட்டு அதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். நடந்தே போய்ச் சேரும் தூரத்தில், அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பு எரியும் ஹோம்ஸ்டே அறை ஒன்றை அன்றிரவுக்கும் பணம் கொடுத்துப் பிடித்து வையுங்கள். யாரும் படுக்காவிட்டாலும் அது வீண் செலவு இல்லை. பனிக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் யாராவது ஒருவருடைய பார்லி வயல், ஆகவே ஊராரிடம் கேட்டுவிட்டுத்தான் வண்டியை இறக்க வேண்டும். கிப்பர் சரணாலயப் பகுதியில் முகாமே வேண்டாம், அது பனிச்சிறுத்தை நடமாடும் இடம்.

இனி நாட்கணக்கு. குளிர்காலத்தில் குன்சும் கணவாய் மூடியிருக்கும். மணாலி வழி இல்லை, சிம்லா–கின்னௌர் வழி மட்டும்தான். சிம்லாவிலிருந்து காஸா சுமார் 420 கிலோமீட்டர். கோடையில் இரண்டு நாளில் ஓட்டிவிடுகிறார்கள், குளிர்காலத்தில் நாலு நாள் வையுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, படுக்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. சராஹனில் ஒரு இரவு, 2,960 மீட்டரில் இருக்கும் கல்பாவில் ஒரு இரவு, தாபோவில் ஒரு இரவு, பிறகு காஸா என்று போனால் கணக்கு சரியாக வரும். பாதி வழியில் இருக்கிறதே என்று பலர் நாகோவில் தங்குகிறார்கள். நாகோ 3,660 மீட்டர், கல்பாவிலிருந்து ஒரே நாளில் 700 மீட்டர் ஏற்றம். தாபோ 3,280, ஏற்றம் 320தான். கல்பாவிலிருந்து சீக்கிரம் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே தாபோவைத் தொட்டுவிடலாம். காஸாவில் இரண்டு இரவு அறையில் தூங்கிய பிறகே மூன்றாவது இரவு டென்ட். இதற்கு மேல் இரண்டு நாள் கையில் வேண்டும். மேற்கத்திய இடையூறு எனப்படும், மேற்கிலிருந்து வரும் குளிர்காலப் புயல் ஒன்று வந்து பனி கொட்டினால் மலிங் நாலா என்ற மலை ஓடை அருகே சாலை அடைபடும், எல்லைச் சாலை அமைப்பு வழி திறக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். திரும்பும் விமான டிக்கெட்டை இறுக்கிப் போட்டவர்கள்தான் அப்போது தப்பான முடிவு எடுப்பார்கள். சிம்லா வானிலை மையத்தின் முன்னறிவிப்பையும், பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் பாருங்கள்.

மூன்று வண்டிக்குக் குறையக் கூடாது, ஐந்தைத் தாண்டக் கூடாது. ஒன்று மாட்டினால் இழுக்க ஒன்று, ஆள் ஏற்றிப்போக ஒன்று, ஆக மூன்று. ஐந்துக்கு மேல் போனால் ஒவ்வொரு இடத்திலும் டயரில் பனிச் செயின் மாட்டிக் கழற்றுவதிலேயே பகல் போய்விடும். எல்லாமே நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் ஃபோர் பை ஃபோராக, மெதுவாக அதிக இழுவை தரும் லோ ரேஞ்ச் கியர் உள்ளதாக இருக்கட்டும். முன்னால் போகிறவரும் கடைசியில் வருகிறவரும் அனுபவசாலிகள், புதியவர் நடுவில். ஓட்டும் நேரம் காலை பத்திலிருந்து மூன்று, நாலு மணிவரை. சாலையைக் குறுக்கே கடக்கும் ஓடைத் தண்ணீர் ராத்திரி உறைந்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத பிளாக் ஐஸ் ஆகியிருக்கும், வெயில் படும்வரை அதன் மேல் எந்த டயரும் நிற்காது.

நம் ஊர் வண்டிகளில் அதிகம் கெடுப்பது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். சென்னையிலும் மதுரையிலும் ரேடியேட்டர் குறைந்தால் மெக்கானிக் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடுவார். இங்கே ஒன்றும் ஆகாது. அங்கே தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், எஞ்சின் பிளாக்கே வெடிக்கலாம். முழுதாக வடித்துவிட்டு எத்திலீன் கிளைக்காலும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி நிரப்புங்கள், மைனஸ் 37 வரை தாங்கும். நிரப்பியதோடு விடாமல், உறைநிலையைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கண்ணாடி கழுவும் தொட்டியிலும் வெறும் தண்ணீர் இருக்கக் கூடாது. எஞ்சின் ஆயில் 15டபிள்யூ-40 என்றால், வண்டியின் கையேடு அனுமதிக்கும், குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ அல்லது 0டபிள்யூ வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது டீசல். குளிரில் டீசலுக்குள் இருக்கும் மெழுகு படிகமாகி ஃபில்டரை அடைக்கும். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1460ன்படி, ஃபில்டர் அடைபடும் வெப்பநிலை குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி வரையும் கோடை டீசலுக்கு 18 டிகிரி வரையும் இருக்கலாம். மைனஸ் கணக்கே அதில் இல்லை. ஆகவே சமவெளியில் நிரப்பிய டேங்கோடு காஸாவில் ராத்திரி நிறுத்தக் கூடாது. பாதி டேங்கோடு மலையேறி, கின்னௌரில் உள்ள ரெக்காங் பியோ பக்கமும் காஸாவிலும் நிரப்புங்கள். இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்காக மைனஸ் 33 வரை ஓட்டம் நிற்காத தனி டீசலை அறிமுகம் செய்தது. காஸா பங்க்கில் அந்த வகை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆன்ட்டி-ஜெல் திரவத்தை டீசல் உறைவதற்கு முன்பே கலக்க வேண்டும், உறைந்த பிறகு ஊற்றினால் பலன் இல்லை. மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார்கள். பிஎஸ்-6 எஞ்சினின் உயர் அழுத்த பம்ப்புக்கு டீசலே மசகு, மண்ணெண்ணெய் அதைக் கெடுக்கும், கலக்காதீர்கள். புகையைச் சுத்தம் செய்யும் டி.இ.எஃப். திரவம் ஊற்றும் வண்டி என்றால் அது மைனஸ் 11ல் உறையும், விரிய இடம் விட்டு நிரப்புங்கள். பெட்ரோல் வண்டிக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. குழுவில் ஒரு பெட்ரோல் வண்டியாவது இருக்கட்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

டயர் காற்று விஷயத்தில் கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள். குளிர் காற்றழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் கேஜ் கூடுதலாகக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு ஈடுகட்டிவிடுகின்றன. தினமும் காலையில் வண்டி ஓடுவதற்கு முன் அளப்பது ஒன்றே வழி. ஆழப் பனியில் 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம், தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்ற ஒரு இன்ஃப்ளேட்டர் வேண்டும்.

செயின் நாலு சக்கரத்துக்கும் வேண்டும். முன்னால் மட்டும் மாட்டினால் இறக்கத்தில் பின்பக்கம் வீசிக்கொண்டு சுழலும். பின்னால் மட்டும் மாட்டினால் ஸ்டியரிங் கேட்காது. ஊரிலேயே இரண்டு தடவை, கையுறை போட்டுக்கொண்டே மாட்டிப் பழகுங்கள். வீல் ஆர்ச்சிலும் பிரேக் ஹோஸிலும் உரசுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். மாட்டியபின் நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். முப்பதுக்கு மேல் வேகம் கூடாது. பனி இல்லாத தாரில் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் செயின் அறுந்து மட்கார்டைக் கிழிக்கும்.

மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். சுழலும் டயர் பனியை உருக்கி, அந்தத் தண்ணீர் உறைந்து, உங்களுக்கு நீங்களே கண்ணாடி போட்டுக் கொடுத்தது போல் ஆகும். முதலில் ஷவலால் வெட்டுங்கள், பிறகு மணலோ புகாரிச் சாம்பலோ தூவுங்கள், டயருக்கு அடியில் ரெக்கவரி போர்டு வையுங்கள், கடைசியில்தான் கயிறு. வண்டிக்கு ஒரு பத்து கிலோ மணல் மூட்டை போதும். பள்ளத்தாக்கை ஒட்டிய ஒற்றைச் சாலையில் நீண்டு சுருங்கும் கைனெட்டிக் கயிற்றால் வெடுக்கென்று இழுப்பதை நான் ஏற்க மாட்டேன். அங்கே கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சால் மெதுவாக, நேர்கோட்டில் இழுப்பதே பாதுகாப்பு. டிரெய்லர் மாட்டும் டோ பாலில் கயிறு மாட்டவே கூடாது. இழுவையில் அது உடைந்தால் குண்டு போலப் பறந்து வரும்.

வாக்கி டாக்கியில் உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ், அரை வாட் வகை மட்டும். சாட்டிலைட் போனும் சாட்டிலைட் மெசஞ்சரும் அரசின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம், எல்லைப் பகுதியில் பிடிபட்டால் பயணம் அங்கேயே முடியும்.

இப்போது அந்த இரவு. உடம்புச் சூட்டை அதிகம் பிடுங்குவது அடியில் இருக்கும் தரைதான். மடிக்கும் ஃபோம் பாய் ஒன்று, அதன் மேல் காற்றடைத்த பாய் ஒன்று, இரண்டின் ஆர்-மதிப்பும் (குளிரைத் தடுக்கும் அளவு) சேர்ந்து 6ஆவது வர வேண்டும். ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் மூன்று வெப்பநிலைகளில் ‘கம்ஃபர்ட்’ என்பதைப் பார்த்து வாங்குங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் பிழைக்கும் எல்லை, தூங்கும் எல்லை அல்ல. கம்ஃபர்ட் மைனஸ் 20 உள்ளது விலை அதிகம், வாடகைக்கு எடுக்கலாம்.

டென்ட் போடுமுன் பனியை மிதித்துத் தளமாக்கி அரை மணி விடுங்கள், இறுகிக்கொள்ளும். ஸ்பிட்டியில் பல இடங்களில் பனி மெல்லியதாகவும் அடித்தரை கல்லாகவும் இருக்கும். டென்ட்டோடு வரும் அலுமினிய முளை வளைந்துவிடும். எட்டு அங்குல இரும்பு ஆணியும் சுத்தியலும் எடுத்துப் போங்கள். ஆழப் பனியில் சாக்குப் பையில் பனியை நிரப்பிக் கயிற்றோடு புதைத்தால் காலைக்குள் பாறை மாதிரி பிடித்திருக்கும். குளிருக்குப் பயந்து டென்ட்டின் காற்றுத் துளைகளை மூடாதீர்கள். மூச்சின் ஈரம் உள்துணியில் உறைந்து, விடியும்போது தூங்குகிறவர்கள் மேல் கொட்டும்.

டென்ட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் எதையும் எரிக்கக் கூடாது. கரி எரிக்கும் அங்கீட்டிக் கணப்பும் கூடாது, கேஸ் ஹீட்டரும் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு உள்ளே தூங்குவதும் அதே வகைதான், சைலன்சரைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும். வாசனை இல்லை, இருமல் வராது, தூக்கத்திலேயே உயிர் போகும். இந்த ஒரு விதிக்கு யாருக்காகவும் விலக்கு கொடுக்காதீர்கள்.

சிறு கேஸ் டின்னில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். கடல் மட்டத்தில் அது மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. உயரத்தில் அழுத்தம் குறைவதால் இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் மைனஸ் 20ல் அடுப்பு எரியாது. பம்ப் அடித்து ஏற்றும் திரவ எரிபொருள் அடுப்புதான் சரி. சமையலையும் சுருக்குங்கள். 3,700 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி வேகாது. வறுத்துத் தாளித்த ரவையை ஊரிலிருந்தே கலந்து எடுத்துப் போனால் கொதிநீரில் ஐந்து நிமிடத்தில் உப்புமா. நெய் தாராளமாக இருக்கட்டும். படுக்கும் முன் கொழுப்புச் சாப்பாடு சாப்பிட்டவருக்கு ராத்திரி குளிர் குறைவாகவே தெரியும்.

பனியை உருக்கித் தண்ணீர் எடுக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். புதுப் பனி பத்து லிட்டர் உருகினால் ஒரு லிட்டர்தான் வரும். எட்டுப் பேருக்கு வேண்டிய பதினாறு லிட்டரை ஹோம்ஸ்டேயிலிருந்தே சூடாகக் கொண்டுவாருங்கள். பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலிருந்துதான் உருவாகும், மூடி உறையாமல் தப்பும். பெரிய நெருப்புக்கு மட்டும் ஆசைப்பட வேண்டாம். ஸ்பிட்டியில் மரம் அரிது. ஒவ்வொரு வீட்டிலும் அடுக்கியிருக்கும் விறகும் வறட்டியும் ஆறு மாதத்துக்கானவை, நம் ஒரு மணி நேரச் சந்தோஷத்துக்குக் காசு கொடுத்தும் அதைக் கேட்கக் கூடாது.

வண்டியை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், ஷூ டிரம்மோடு ஒட்டி உறையும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வைப்பரைத் தூக்கிவிடுங்கள். பேட்டரியின் குளிர் ஸ்டார்ட் திறன் மைனஸ் 18ல் அளக்கப்படுவது. பழைய பேட்டரி அந்தக் குளிரில் பாதி பலம்கூடக் காட்டாது. முடிந்தால் கழற்றி ஹோம்ஸ்டே அறைக்குள் வையுங்கள். ஆயில் சம்ப்புக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றும் பழக்கம் அங்கே உண்டு, எரிபொருள் குழாயும் பிளாஸ்டிக் கவசமும் நிறைந்த இன்றைய வண்டிகளில் அதைச் செய்யாதீர்கள்.

தலைவலியோடு வாந்தி வந்தால் அவர் அன்று டென்ட்டில் படுக்கக் கூடாது. ஒரு காலின் விரலை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் உடனே ஆஸ்பத்திரி, பிறகு கீழே இறக்கம். உயர நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அவசியம் சொல்லுங்கள். முகாமை விட்டு அறைக்குப் போக வாக்கெடுப்பு வேண்டாம், ஒருவர் டென்ட் வேண்டாம் என்றாலே போதும். இதைக் கிளம்பும் முன்பே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு மைனஸ் 20ல் யாருக்கும் வாதாடத் தெம்பு இருக்காது.

காலையில் டென்ட்டைப் பிரிப்பதற்கு முன் எல்லா வண்டிகளையும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒன்று கிளம்பாவிட்டால் வெயில் ஏறும்வரை காத்திருக்க ஒரு கூரை வேண்டும். உறைந்த தரையில் குழி தோண்ட முடியாது, கழிவைப் புதைக்க வழியில்லை. இரட்டைப் பையில் கட்டி, மூடி இறுகும் வாளியில் போட்டு வண்டியிலேயே எடுத்து வாருங்கள். ஊராரின் உலர் கழிவறையில் அதைக் கொட்ட வேண்டாம். அந்தக் குழியில் சேருவதுதான் மே மாதம் அவர்கள் வயலுக்கு எரு, அதில் பிளாஸ்டிக் கலக்கக் கூடாது.