எந்த இடத்தில் நிறுத்திப் பார்ப்பது?

தொழிற்சாலை லைனின் கடைசியில் ஒரு மேசை, மேலே அளவு பார்க்கும் கேஜ்கள், பக்கத்தில் சிவப்புத் தொட்டி. தரச் சோதனை என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது இதுதான். ஆனால் அங்கே பிடிபடும் பீஸில் மெட்டீரியல், மெஷின் நேரம், கூலி எல்லாம் ஏற்கெனவே இறங்கிவிட்டன.

சோதனைக்கு இடம் தேடும்போது ஒவ்வொரு ஆபரேஷனிலும் இரண்டைக் கேட்க வேண்டும். இதைத் தாண்டிய பிறகு முந்தைய தப்பைத் திருத்த முடியுமா? தப்பு வெளியே தெரியுமா? ஹீட் ட்ரீட்மென்ட், வெல்டிங், பெயின்டிங், பிளேட்டிங் ஆகியவற்றில் பெரும்பாலும் இரண்டுக்குமே 'இல்லை' என்றுதான் பதில் வரும். சோதனை அவற்றுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

லேத்தில் எம்8 த்ரெட் (8 மி.மீ. மரை) வெட்டி, ஹார்டனிங் செய்து, ஜிங்க் பிளேட்டிங் போடும் ஒரு ஸ்டட்டை, அதாவது மரையுள்ள கம்பியை, எடுத்துக்கொள்வோம். த்ரெட் தடித்திருந்தால் ஹார்டனிங்குக்கு முன் இன்னொரு கட் எடுத்துச் சரிசெய்யலாம்; பிறகு சாதாரண டூல் அதில் ஏறாது. கடினத்தன்மையை ஹார்டனிங் முடிந்ததும், பிளேட்டிங்குக்கு அனுப்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். பிளேட்டிங்குக்குப் பிறகு பார்ப்பதென்றால் பூச்சைச் சுரண்டித்தான் அளக்க வேண்டும்.

பிளேட்டிங்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 60 டிகிரி த்ரெட்டில் பூச்சின் தடிமன் பிட்ச் விட்டத்தில் (மரையின் பக்கச் சரிவுகளின் நடுவே எடுக்கும் விட்டம்) நான்கு மடங்காக ஏறும்: 8 மைக்ரான் பூசினால் 32 மைக்ரான். எம்8 கோர்ஸ் த்ரெட்டுக்கு, அடிப்படை அளவைவிடச் சற்று ஒல்லியாக வெட்டச் சொல்லும் 6ஜி (6g) டாலரன்ஸ் விடும் இடைவெளியோ 28 மைக்ரான்தான். மேல் வரம்பை ஒட்டி வெட்டிய த்ரெட், பூச்சு ஏறியதும் அடிப்படை அளவை 4 மைக்ரான் மிஞ்சிவிடும், நல்ல த்ரெட்டில் சுழன்று ஏற வேண்டிய வளையமான கோ ரிங் கேஜ் ஏறாது. அதனால் பூச்சுக்கு முன் 6ஜி கேஜ், பின் இடைவெளியே விடாத 6எச் (6h) கோ கேஜ் என இரண்டு இடங்களில் பார்ப்பது வீண் வேலையே இல்லை.

அடுத்தது, மெஷினிலிருந்து சோதனை எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறது என்பது. 40 விநாடிக்கு ஒரு பீஸ் என்றால் மணிக்கு 90. இன்செர்ட் (டூலின் வெட்டும் முனை) தேயத் தேய த்ரெட் தடிக்கும், கேஜ் இறுகும். சோதனை நான்கு மணி நேரம் தள்ளி இருந்தால் 360 பீஸ் சந்தேகத்துக்குள் வந்துவிடும். மெஷினிலேயே ஆபரேட்டர் 30 பீஸுக்கு ஒருமுறை கேஜ் போட்டால் திரும்பப் பார்க்க வேண்டியது 30தான். பிசிறு ஒட்டியிருந்தாலும் கேஜ் இறுகும். பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும்.

எல்லாவற்றையும் பார்ப்பதா, எதையும் பார்க்காமல் விடுவதா என்பதற்கு தரக் கட்டுப்பாட்டு நிபுணர் டெமிங் சொன்ன கணக்கு எளிது. ஒரு பீஸைச் சோதிக்க 1 பங்கு செலவு, கெட்டது உள்ளே போனால் 200 பங்கு நஷ்டம் என்று வைத்துக்கொண்டால் எல்லைக்கோடு 200-இல் 1, அதாவது 0.5% ரிஜெக்‌ஷன். ரிஜெக்‌ஷன் நிலையாக 2% என்றால் ஒன்றுவிடாமல் பாருங்கள், 0.1% என்றால் அந்த உழைப்பை ப்ராசஸைக் கட்டுக்குள் வைப்பதில் போடுங்கள். உயிரோடு சம்பந்தப்பட்ட பாகங்களுக்கு இந்தக் கணக்கைப் போடவே கூடாது.

லைனிலேயே மெதுவான மெஷினுக்கு முன்னாலும் ஒரு சோதனை வேண்டும். கெட்ட பீஸுக்குச் செலவான அதன் நேரம் திரும்பக் கிடைக்காது.

தப்பு நழுவியதும் இரண்டாவது இன்ஸ்பெக்டரைப் போடுவது மிகவும் கெட்ட பழக்கம். முன்னவர் பின்னவரை நம்புவார், பின்னவர் முன்னவரை நம்புவார். அதே செலவில் பீஸைப் பிடிக்கும் ஃபிக்சரில் ஒரு பின் (சிறு முளை) வைத்து, பீஸைத் தலைகீழாக மாட்டவே முடியாமல் செய்துவிடலாம். அந்தப் பின் உறுதியாக வேலை செய்கிறது என்று தெரிந்ததும், அந்தத் தப்புக்காகப் போட்டிருந்த சோதனையை எடுத்துவிடுங்கள்.