கொரியன் ராம்யன்: தண்ணீரில்தான் எல்லாம்
வீட்டில் ராம்யன் (கொரியாவின் பாக்கெட் நூடுல்ஸ் சூப்) செய்பவர்களே, தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். ஒரு பாக்கெட்டுக்கு ஏறக்குறைய 550 மில்லி. கூடினால் சூப் சப்பென்று ஆகிவிடும்.

மசாலாத் தூளைப் போட்டுத் தளதளவென்று கொதித்ததும் நூடுல்ஸ், நாலு நாலரை நிமிடம். வேகும்போது அவ்வப்போது இடுக்கியால் தூக்கிக் காற்றுப் பட விடுங்கள், இழை குழையாது. கொரியாவில் இதற்கென்றே மெல்லிய மஞ்சள் அலுமினியப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள், சூடு சட்டென்று ஏறும். (1963-இல் சம்யாங் என்ற கொரிய நிறுவனம் அங்கே முதல் பாக்கெட்டை விற்றதிலிருந்து அவர்களுக்கு இது அன்றாடச் சாப்பாடு.)

கடைசி ஒரு நிமிடத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, கலக்காமல் மூடி வையுங்கள். கலக்கினால் காரம் மங்கிவிடும். கோச்சுஜாங் (கொரிய மிளகாய் விழுது) அரை ஸ்பூன் போதும், அதிலேயே உப்பும் இனிப்பும் உண்டு. சரி, சீஸ்? எனக்கு வேண்டாம். வெங்காயத்தாளைத் தாராளமாகத் தூவுங்கள்.