இல்லாதவருக்கு வழிவிட்டவர்கள்

ஒருவர் நம்மை நேராகப் பார்த்தபடி நம்மை நோக்கி நடந்து வருகிறார். எந்தத் தொலைவில் நம் மனம் ‘போதும், இதற்கு மேல் வேண்டாம்’ என்கிறது, அந்தக் கணத்தில் மூளையில் என்ன நிகழ்கிறது என்பதே என் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வி. மெய்நிகர் காட்சியையும் மூளைப் பதிவையும் இணைத்தால் ஆறு மாதத்தில் அளந்துவிடலாம் என்று திட்டம் எழுதிக் கொடுத்தேன். முதல் பங்கேற்பாளர் ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைப்பதற்கே இரண்டு ஆண்டுகள் ஆயின. அவை எதில் கரைந்தன என்பதை, இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முகங்களின் புகைப்படங்களைத் திரையில் காட்டி மூளையைப் பதிவு செய்த ஆய்வுகள் ஏராளம். ஆனால் புகைப்படம் நம் அசைவுக்கு ஏற்ப எதையும் செய்வதில்லை. பிறரை ஓரமாக நின்று கவனிப்பதும் அவரோடு நேருக்கு நேர் பழகுவதும் ஒன்றல்ல என்று லியோன்ஹார்ட் ஷில்பாக்கும் சக ஆய்வாளர்களும் 2013இல் எழுதிய கட்டுரைதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. அப்படியானால் உண்மையான மனிதரையே நடந்து வரச் சொல்லலாமே என்று கேட்கலாம். சொல்லலாம், ஆனால் அவர் நூறு முறை நடந்தால் நூறு நடையும் நூறு விதமாக இருக்கும், அறுபதாவது முறை வரும்போது முகத்தில் அலுப்பும் தெரியும். மெய்நிகர் உருவம் நூறு முறையும் ஒரே வேகத்தில், ஒரே பார்வையோடு வரும், தேவைப்பட்டால் பார்வையை மட்டும் மாற்றிக்கொள்ளும்.

முதலில் நான் நாடியது எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியை; காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து மூளையின் செயலைப் படமாக்கும் கருவி அது. அதற்குக் காரணம் இருந்தது. மூளையின் இருபுறமும், அச்ச உணர்வோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி சிதைந்துபோன ஒரு பெண், பிறரிடமிருந்து வழக்கத்தைவிடக் குறைந்த இடைவெளியிலேயே இயல்பாக நிற்கிறார் என்று ரால்ஃப் அடால்ஃப்ஸின் குழு 2009இல் காட்டியிருந்தது. அமிக்டலா மூளையின் ஆழத்தில் இருப்பது. அங்கே எட்டிப் பார்க்க அந்தக் கருவியே பொருத்தமானது. திட்டத்தைப் படித்த நெறியாளர் மறுப்பேதும் சொல்லவில்லை. “பங்கேற்பாளரை அனுப்புவதற்கு முன் நீங்களே ஒரு முறை உள்ளே படுத்துப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னார்.

படுத்தேன். 3 டெஸ்லா காந்தத்தின் அருகே அது ஈர்க்கக்கூடிய உலோகம் எதுவும் போகக்கூடாது என்பதால், மெய்நிகர் காட்சிக்காகக் கண்ணில் மாட்டும் சாதாரண ஹெட்செட்டுக்கு அங்கே இடமே இல்லை; தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் பின்புறத் திரையின் பிம்பம் தெரிந்தது. தலையின் இருபுறமும் பஞ்சுத் திண்டுகளை அழுத்தி வைத்தார்கள், ஏனெனில் சில மில்லிமீட்டர் அசைவுகூடப் பதிவைக் கெடுத்துவிடும். காதடைப்பையும் மீறித் தட்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. நான் உருவாக்கிய மனிதர் என்னை நோக்கி நடந்து வந்தார். மல்லாந்து படுத்திருக்கும் ஒருவரை நோக்கி யாரும் இப்படி நடந்து வர முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பின்வாங்க முடியாது, பேசக்கூடாது, தலையசைக்கவும் கூடாது. கையிலிருந்த பொத்தானை அழுத்தலாம், அவ்வளவே. மேலும் இந்தக் கருவி அளப்பது நரம்பணுக்களின் செயலை நேரடியாக அல்ல. அதைத் தொடர்ந்து வரும் இரத்த ஆக்சிஜன் மாற்றத்தைத்தான். அது உச்சத்தைத் தொட ஐந்தாறு நொடிகள் பிடிக்கும். அதற்குள் அவர் வந்து, நின்று, போயும் விடுகிறார். வெளியே வந்ததும் எப்படி இருந்தது என்று நெறியாளர் கேட்டார். அந்த மனிதரைவிட மூக்கு அரிப்பைப் பற்றியே அதிகம் யோசித்தேன் என்றேன். “அதைக் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதுங்கள்” என்றார்.

மாற்று வழிகள் இரண்டு இருந்தன. அண்மை அகச்சிவப்பு ஒளியை மண்டையோட்டின் வழியே செலுத்தி அளக்கும் முறையில் நிற்கலாம், நடக்கலாம். ஆனால் அது மூளையின் வெளியடுக்கான புறணியின் மேற்பரப்பை மட்டுமே காட்டும், அடர்ந்த முடி ஒளியை விழுங்கும், அதுவும் இரத்த ஓட்டத்தையே நம்பியிருப்பதால் மெதுவானது. ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையில் முதன்முதலாகப் பதிவு செய்த இ.இ.ஜி., அதாவது தலைத்தோலில் மின்முனைகளை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதியும் முறை, மில்லிநொடி அளவில் பேசும். எங்கிருந்து பேசுகிறது என்பதைத்தான் தெளிவாகச் சொல்லாது. நான் இ.இ.ஜி.யைத் தேர்ந்தெடுத்தேன், அமிக்டலாவைக் கைவிட்டேன். கருவியை மாற்றினால் கேள்வியும் மாறும் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது. ‘எங்கே’ என்பதை விட்டுவிட்டு, ‘எப்போது’ என்று கேட்கத் தொடங்கினேன். முகத்தைக் கண்ட சுமார் 170 மில்லிநொடியில் தலையின் பின்பக்கவாட்டில் தோன்றும் என்170 அலை, நம்மைப் பார்க்கும் முகத்துக்கும் நம்மைத் தவிர்க்கும் முகத்துக்கும் வேறுபடுகிறதா, எதிரே நிற்பவர் மனிதர் என்று நம்பினால் அந்த வேறுபாடு மாறுகிறதா என்பதாகக் கேள்வி சுருங்கியது. சுருங்கியதில் வருத்தமில்லை, பதில் சொல்லக்கூடிய அளவுக்கு வந்திருந்தது.

அந்த ‘நம்பினால்’ என்ற சொல்லில் நெறிமுறைக் குழு பிடித்துக்கொண்டது. பாதி முறைகளில், அடுத்த அறையிலிருந்து ஒருவர் இந்த உருவத்தை இயக்குகிறார் என்று சொல்லப்போகிறேன். உண்மையில் எல்லா முறையும் கணினிதான் இயக்கும். பொய்யான தகவலின் மேல் வாங்கும் ஒப்புதல் எப்படி ஒப்புதலாகும் என்று கேட்டார்கள். விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. அப்போது எரிச்சலாக இருந்தாலும், கேள்வி நியாயமானதுதான். சோதனை முடிந்த உடனேயே உண்மையைச் சொல்வது, அதைக் கேட்ட பிறகும் ஒருவர் தன் பதிவை அழிக்கச் சொல்லலாம் என்று படிவத்திலேயே எழுதுவது, தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் காரணம் கேட்காமல் நிறுத்துவது ஆகியவற்றைச் சேர்த்த பிறகு அனுமதி கிடைத்தது.

மிக அதிக நேரத்தை விழுங்கியது அந்த மெய்நிகர் மனிதரின் கண்கள். கூடுமானவரை மனிதரைப் போலவே செய்துவிட வேண்டும் என்று முதலில் பாடுபட்டேன். ஏறக்குறைய மனிதரைப் போன்றிருந்து சற்றே தவறிப்போகும் உருவம் வெறுப்பூட்டும் என்று மசாஹிரோ மோரி 1970லேயே எழுதியது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். தெரிந்தும் அதிலேயே விழுந்தேன். தோலில் துளைகள்கூடத் தெரிந்தன, ஆனால் அவர் இமைக்கவில்லை. முன்னோட்டச் சோதனைக்கு வந்த முதல் தோழி அரை நிமிடத்தில் ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பிறகு முகத்தை எளிமையாக்கி, இமைப்பையும் மூச்சுக்கேற்ற தோளசைவையும் சேர்த்தோம். அதன் பின்னும், அவர் யாரையோ பார்க்கிறார், என்னை அல்ல என்று சிலர் சொன்னார்கள். பல நாட்கள் நிரலைத் துருவிய பிறகே விளங்கியது: அவருடைய பார்வை என் உயரத்துக்கு அமைக்கப்பட்டிருந்தது. என்னைவிடக் குள்ளமானவர்களுக்கு அவர் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எதிரே இருப்பவரின் கண்மட்டத்தைத் தேடிப் பார்க்கும்படி நான்கு வரிகள் சேர்த்ததும் அந்தப் புகார் நின்றது. தோலின் துளைகளுக்குச் செலவிட்ட வாரங்களை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்தது நேரம். 90 ஹெர்ட்சில் இயங்கும் திரை ஏறத்தாழ 11 மில்லிநொடிக்கு ஒரு முறைதான் புதிய காட்சியைத் தரும். ‘இப்போது முகம் தெரிந்தது’ என்று கணினி இ.இ.ஜி. பதிவில் வைக்கும் குறியும், ஹெட்செட்டின் வில்லை வழியே ஒளி உண்மையில் கண்ணுக்கு வரும் கணமும் ஒன்றல்ல. வில்லையின்மேல் ஓர் ஒளியுணரியை ஒட்டி, கண்ணுக்குப் பதிலாக அதைப் பார்க்கவைத்து அளந்தோம். தாமதம் ஒரே அளவாக இருந்தால் கழித்துவிடலாம். அது முறைக்கு முறை மாறினால்தான் ஆபத்து, ஏனெனில் பல முறைகளின் சராசரியில் கூர்மையான அலை மழுங்கிவிடும். என்னுடையது மாறியது. பின்னணியில் ஓடிய தேவையற்ற நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, காட்சியின் நிழல்களைக் குறைத்த பிறகே அது அடங்கியது. இதை முன்னோட்டத்துக்கு முன்பே செய்யுங்கள். நான் பின்பு செய்ததால் முன்னோட்டப் பதிவுகள் அனைத்தும் குப்பைக்குப் போயின.

இ.இ.ஜி. தொப்பியின் மேல் ஹெட்செட்டை மாட்டுவது தனிக்கலை. எனக்கு வேண்டிய மின்முனைகள் காதுக்குப் பின்னால் இருந்தன, ஹெட்செட்டின் பட்டையும் சரியாக அங்கேதான் அழுத்தியது. பட்டையை வெட்டி இரண்டாகப் பிரித்துத் தைத்தோம். கழுத்துத் தசை சற்று இறுகினாலும், பல்லைக் கடித்தாலும், மூளையின் சில மைக்ரோவோல்ட் சைகை அதில் மூழ்கிவிடும்; ஓரடி எடுத்து வைத்தால் சொல்லவே வேண்டாம். கடைசியில், அசையாமல் நில்லுங்கள் என்று பங்கேற்பாளர்களிடம் கேட்டுக்கொண்டேன். அசையவிடாத கருவியிலிருந்து தப்பி வந்தவன், வந்த இடத்தில் அதையே கட்டளையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையின் முடிவிலும் விரும்பினால் ஓரடி பின்வாங்கலாம் என்பது மட்டுமே நான் அளித்த சலுகை.

பகுப்பாய்வைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இறந்துபோன சால்மன் மீனை எஃப்.எம்.ஆர்.ஐ.யில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, திருத்தமில்லாத புள்ளியியலில் அதன் மூளையும் ‘செயல்படுவதாக’ 2009இல் காட்டிய கிரெய்க் பென்னட் குழுவின் சோதனையை அறிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்: போதிய இடங்களில் தேடினால் தற்செயலாகவே ஏதாவது தென்படும். அதனால்தான் எந்த மின்முனை, எந்த நேர இடைவெளி என்பதைப் பதிவு தொடங்கும் முன்பே எழுதித் தேதியிட்டு நெறியாளரிடம் கொடுத்துவிட்டேன்.

சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லும் நேரம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. சிலர் முன்பே சந்தேகித்ததாகச் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “நான் அவரைப் பார்த்து இரண்டு முறை சிரித்தேனே” என்றார்.

பதிவை நிறுத்திவிட்டு, நாற்காலிக்கு வந்து ஹெட்செட்டைக் கழற்றலாம் என்று நான் சொல்லும்போது, அந்த மனிதர் இன்னும் மெய்நிகர் அறையின் நடுவிலேயே நின்றிருப்பார். நாற்காலி அவருக்கு நேர் பின்னால். அவர் கணினி என்று சற்று முன்புதான் சொல்லப்பட்டவர்கள்கூட அவரை ஊடுருவி நேராக நடக்கவில்லை. தோளைச் சற்றுத் திருப்பி, அவருக்கு இடம் விட்டு, வளைந்து போனார்கள். ஏழாவது பங்கேற்பாளரிடம்தான் இதைக் கவனித்தேன். அன்றிலிருந்து கடைசி நடை முடியும் வரை பதிவை நிறுத்துவதில்லை. அந்தப் பகுதியின் இ.இ.ஜி. முழுக்கத் தசை இரைச்சல்தான். ஆனால் தலை சென்ற பாதையை ஹெட்செட் துல்லியமாகக் குறித்து வைத்திருக்கிறது, அந்த வளைவுகளைத்தான் இப்போது அளந்துகொண்டிருக்கிறேன்.