இருங்கோ

கனடாவில், ஸ்கார்பரோவுக்கு வீடு மாறி வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா தேநீருக்குக் கூப்பிட்டார். கதவைத் திறந்ததும் "இருங்கோ தம்பி" என்றார். திருச்சிக்காரன் காதில் அது 'கொஞ்சம் பொறு' என்றுதான் விழும். வாசலிலேயே நின்றேன். உள்ளே போய்த் தட்டோடு வந்தவர், "என்ன தம்பி, இன்னும் நிக்கிறியள்? இருங்கோ எண்டு சொன்னனான் எல்லோ" என்றார். உட்காரச் சொல்லியிருக்கிறார்!

யோசித்தால் அவர் பேசியதுதான் பழைய தமிழ். இருக்கை என்ற சொல்லில் அந்தப் பொருள் அப்படியே நிற்கிறது. பெருமாள் கோயிலில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்கிறோமே, அங்கே 'இருந்த' என்றால் அமர்ந்த. ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இது ஸ்கார்பரோவில்தான் உறைத்தது.

அந்த மாதம்தான் பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமைக்கான படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ரிசைட், ரெசிடெண்ட், ரெசிடென்ஸ். ஒரு ராத்திரி சலிப்பில் அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'செதேரே' என்றால் உட்கார்வது. முன்னால் 'ரெ' சேர்ந்தால் ரெசிதேரே, அமர்ந்து அங்கேயே தங்கிவிடுவது. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து ரிசைட் ஆனது. நம் குடியிருப்பும் இருப்பிடமும் இதே கதைதான். ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு மொழிகள், வசிப்பதைச் சொல்ல இரண்டுமே உட்காரப் போயிருக்கின்றன.

செதேரேவுக்கு வாரிசுகள் நிறைய. பிரசிடெண்ட், முன்னால் உட்கார்ந்தவர். அசெஸ் என்பது நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவியவரிடமிருந்து வந்தது. என் பி.இ. இங்கே எதற்குச் சமம் என்று அசெஸ்மெண்ட் வாங்கக் கட்டிய டாலரை நினைத்தால் அந்த ஆள்மேல் இப்போதும் கோபம் வருகிறது. ரெசிட்யூகூட ரெசிதேரேயின் பிள்ளைதான்: டிகாக்ஷன் ஃபில்டரில் தங்கிப்போகும் சக்கை. ரெசிடெண்டுக்கு உடன்பிறப்பு! இதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

சரி, உட்கார்ந்தால் மட்டும் போதாது, நாளையும் எண்ண வேண்டும். பி.ஆர். நிலைக்க ஐந்து வருடத்தில் 730 நாள், குடியுரிமை கேட்க 1,095 நாள். பி.ஆருக்கு முன்னால் வேலை அனுமதியில் இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாள்தான், அதுவும் 365க்கு மேல் ஏறாது. தங்கை கல்யாணத்துக்கு ஆறு வாரம் ஊருக்குப் போய்வந்ததில் என் கணக்கு தள்ளிப்போய்விட்டது. எக்செலில் இன்னும் 211 நாள் பாக்கி.