கேம்பர்வேனில் பொங்கல்

நியூசிலாந்தின் தென் தீவை கேம்பர்வேனில், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வேனில், சுற்றப் போகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது அடுப்புக்கு என்ன கேஸ் என்பதைத்தான். சின்ன டப்பாவில் வரும் பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி; அதற்குக் கீழே குளிர்ந்தால் அது வாயுவாக மாறாது. அங்கே குளிர்காலமான ஜூலை மாதக் காலையில் டெக்காப்போ ஏரிப் பக்கம் அது சரியாக எரியாது. புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். புரோப்பேன் சிலிண்டர் வைத்த வண்டியாகவே கேட்டு வாங்குங்கள்.

பாத்திரங்களில் நான் விட்டுக்கொடுக்காதது 2 லிட்டர் குக்கர். அரிசி, பாசிப்பருப்பு, இஞ்சி போட்டு மூடிவிட்டால் கேஸும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். கடைசி விசிலுக்கு அப்புறம் துண்டில் சுற்றி வைத்தால் பொங்கல் தானே குழைந்துவிடும். நெய்யில் மிளகு வெடிக்கும் வாசம் அந்தக் குளிரில் எவ்வளவு சுகம்! மிளகாய் தாளிப்பை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள், நெடி மெத்தையில் ஏறினால் லேசில் போகாது. அரிசி, பருப்பு, மசாலா எதைக் கொண்டுபோனாலும் விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள். மறைத்தால் அபராதம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள். அடுப்பிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சமைக்கும்போதும் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். அந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் வேலை செய்கிறதா என்று சாவி வாங்கும்போதே அழுத்திப் பாருங்கள்.