ஒன்றரை இலட்சத்தில் ஒரு கேமிங் கொம்பியூட்டர்

ஒக்டோபர் 6, 2024, ஞாயிறு

சீட்டு விழுந்துவிட்டது. கழிவு போகக் கையில் ஒன்றரை இலட்சம். தம்பி உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுத்திருக்கிறான். கோடிங் பழகக் கொம்பியூட்டர் வேண்டுமாம். வலோரன்ட் கேம் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கும் ஆசை இருப்பதால் நானும் தோண்டவில்லை.

அம்மாதான் கணக்குப் போட்டார். தேயிலைத் தோட்டத்துப் புதிய நாட்சம்பளமான 1,350 ரூபாய்ப்படி பார்த்தாலும் நூற்றுப்பத்துப் பேருக்கு (ஒரு நாள் வேலை ஒரு பேர்) மேல் வருகிறது. "மழையில நனைஞ்சு அத்தனை பேர் போட்டா ஒரு பெட்டியா?" என்றார். பிறகு அவரே, "வாங்குறதுன்னா உருப்படியா வாங்கு" என்றும் சொன்னார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் 9, புதன்

தம்பி ஒரு பட்டியலோடு வந்தான். இன்டெல் ஐ3 12100எஃப் புரொசசர், அதோடு பாவித்த ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்ட், 8 ஜிபி ரேம். யூடியூபில் எல்லோரும் சொல்லும் ஜோடி. காசுக்கு அதுதான் அதிக வேகம் என்பதை நானும் மறுக்கவில்லை. பெட்டி கொழும்பில் இருக்கப் போகிறதென்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

ஆனால் ஆர்எக்ஸ் 580 என்பது 2017இல் வந்த கார்ட். சந்தையில் கிடைப்பதில் பாதிக்கு மேல் மைனிங்கில் (கார்டை இராப்பகலாக ஓட்டி டிஜிட்டல் நாணயம் எடுப்பது) ஓடியதாக இருக்கும் என்பது என் சந்தேகம். 2022 செப்டெம்பரில் எதிரியம் என்ற டிஜிட்டல் நாணயம் கார்ட் மைனிங்கைக் கைவிட்ட பிறகு உலகம் முழுக்க அப்படிப்பட்ட கார்டுகள் கொட்டின. கழுவித் துடைத்து, புது ஃபேன் மாட்டினால் பார்வைக்குப் புதுசுதான். இன்னொரு தொல்லை, 2048எஸ்பி என்று ஒரு வகை. பெயர் 580, ஆனால் உள்ளே இருக்கும் கோர்கள் 570இன் அளவு: 2304 இருக்க வேண்டிய இடத்தில் 2048. விற்கிறவர்கள் விளம்பரத்தில் அந்தக் கடைசி நாலு இலக்கத்தை விழுங்கிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்கு உறுத்துவது அந்த எஃப். அந்த எழுத்து இருந்தால் புரொசசருக்குள் கிராஃபிக்ஸ் இல்லை. கார்ட் செத்தால் திரையில் ஒன்றுமே வராது. இங்கிருந்து கொழும்புக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவதென்றால் ஒரு நாள் சம்பளம், பஸ் காசு, கடைக்காரனின் "அடுத்த கிழமை வாங்க" எல்லாம் சேரும். அது வரை தம்பி எதில் படிப்பான்?

அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் இதே கேள்விதான்: இது போனால் இந்த மலையில் இருந்துகொண்டு என்ன செய்வேன்?

இரவு முடிவாகச் சொன்னேன்: ரைசன் 5 5600ஜி புரொசசர். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், உள்ளேயே வேகா கிராஃபிக்ஸ். கார்ட் இப்போது வேண்டாம். தம்பியின் முகம் தொங்கிவிட்டது. "அக்கா, அதுல கேம் ஓடாது." ஓடும் தம்பி, குறைந்த செட்டிங்கில்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

நான் வேலை செய்யும் கடை ஹட்டன் டவுனில். ஃபோன், கொம்பியூட்டர் ரிப்பேர். ஏப்ரலிலும் இந்த ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடி மழை பெய்தால், மறுநாள் காலையில் பெட்டிகள் வரிசையாக வரும். திறந்தால் பெரும்பாலும் பவர் சப்ளை கருகியிருக்கும். மலிவானது என்றால் போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். அந்த மணம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்று வீட்டில் மல்டிமீட்டரை ப்ளக்கில் வைத்துப் பார்த்தேன். காலை பத்து மணிக்கு 228 வோல்ட். மாலை ஏழு மணிக்கு, லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்க ஹீட்டரும் ரைஸ் குக்கரும் ஓடும் நேரத்தில், 184. பக்கத்து வீட்டில் அயன் பெட்டியைப் போட்டதும் இன்னும் நாலு வோல்ட் இறங்கியது. தம்பி மீட்டரைப் பிடித்துக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

பின்பக்கம் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் வைத்த பழைய மாதிரி பவர் சப்ளை இந்தக் கரண்டில் திணறும். எக்டிவ் பிஎஃப்சி (வரும் வோல்டுக்குத் தக்கபடி தானே சரிசெய்துகொள்ளும் சுற்று) உள்ளது அப்படியில்லை. லேபிளில் பெரும்பாலும் 100–240 என்று போட்டிருக்கும், அப்படி இருந்தால் வோல்ட் இறங்கினாலும் அம்பியரைக் கூட்டி இழுத்துக்கொண்டு பேசாமல் ஓடும். ஆகவே 550 வொட், 80 பிளஸ் பிரோன்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்ற தரச் சான்று), பெயர் தெரிந்த கம்பனி. பதினேழாயிரத்துச் சொச்சம். 5600ஜி 65 வொட் சிப். இந்தப் பெட்டி முழுக்க ஓடினாலும் 150 வொட்டைத் தொடாது. பிறகு எதற்கு 550 என்று தம்பி கேட்டான். பின்னால் கார்ட் போடும் நாளுக்கு.

650 விஏ யூபிஎஸ் ஒன்றும் எடுக்கிறோம். அது கரண்ட் கட்டுக்கு. இடிக்கு அதை நம்பவே கூடாது. இடி முழங்கினால் ப்ளக்கைக் கழற்ற வேண்டும். அதற்குக் காசு இல்லை.

ஒக்டோபர் 17, வியாழன், போயா

கடை லீவு. மதர்போர்ட் பார்த்தோம். தம்பிக்கு பி550 போர்ட் வேண்டும், பிசிஐஇ 4 (கார்டையும் புரொசசரையும் இணைக்கும் பாதையின் நாலாம் தலைமுறை) இருக்கிறதாம். போர்டில் இருந்து என்ன? 5600ஜி பிசிஐஇ 3 மட்டும்தான் கொடுக்கும். ஏ520 போதும். பழைய ஸ்டொக்காக இருந்தால் பயோஸ் (போர்டை எழுப்பும் மென்பொருள்) புதுப்பிக்காமல் இந்த சிப் எழும்பாது. பெட்டியில் ரைசன் 5000 ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ரேமில் கஞ்சத்தனம் கூடாது. வேகாவுக்குச் சொந்த மெமரி இல்லை, ரேமையே கடன் வாங்கும். ஒரே 16 ஜிபி துண்டு போட்டால் பாதை பாதியாகிவிடும். எட்டு எட்டாக இரண்டு, வேகம் 3200.

கூலர் தனியாக வேண்டாம், சிப்போடு ஒன்று வருகிறது. நம் ஊர்க் குளிருக்கு அது தாராளம். கலர் லைட் ஃபேன் நாலு கேட்டான். கொழும்பு வெயிலில் இருப்பவனுக்காவது ஒரு சாக்குச் சொல்லலாம்.

ஒக்டோபர் 26, சனி

சித்தப்பா மகன் வெள்ளவத்தையில் துணிக்கடையில் இருக்கிறார். தீபாவளிக்கு ஊருக்கு வருவதற்கு முன் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் எல்லாம் எடுத்துத் தருவதாக ஒத்துக்கொண்டார். தீபாவளி நேரத்துத் துணிக்கடையில் அரை நாள் லீவு கிடைப்பது லேசில்லை.

வீடியோ கோலில் நானும் கூடவே இருந்தேன். ஒரு கடையில் கேசிங்கோடு பவர் சப்ளை இலவசம் என்று நீட்டினார்கள். "அண்ணே, லேபிளை ஃபோனுக்குக் காட்டுங்க" என்றேன். 500 வொட் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட் வரிசைக்கு 16 அம்பியர். பெருக்கினால் 192. கொம்பியூட்டருக்குத் தேவையானதில் பெரும்பகுதியும் அந்த 12 வோல்டில் இருந்துதான் வருகிறது. அண்ணன் அதைத் திருப்பி வைத்தார். கடைக்காரர், "தங்கச்சி, எல்லாரும் இதத்தான் எடுக்கிறாங்க" என்றார். எடுக்கிறார்கள்தான். அவர்கள்தான் பிறகு என் மேசைக்கு வருகிறார்கள்.

500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டியும் எடுத்தாயிற்று. மொனிட்டர் எங்கள் கடையிலேயே பாவித்தது ஒன்று, 22 அங்குலம், முதலாளி பன்னிரண்டாயிரத்துக்குக் கொடுத்தார். பணம் மட்டுமட்டு.

நவம்பர் 2, சனி

தீபாவளிப் பலகாரத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு மேசையில் பூட்டினோம். ஸ்க்ரூ எல்லாம் தம்பியே போட்டான்.

பயோஸில் ரேம் 2666 என்று காட்டியது. ரேமை முழு வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பியைப் போட்டதும் 3200. கிராஃபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கினேன். வலோரன்ட் குறைந்த செட்டிங்கில் நூறு ஃப்ரேமுக்கு மேல். ஜிடிஏ 5 கேமை அவனுடைய கூட்டாளி ஹாட் டிஸ்க்கில் கொண்டுவந்தான். நூறு ஜிபியை 4ஜி ரவுட்டரில் இறக்க எந்தப் பெக்கேஜும் தாங்காது. அது 1080இல் அறுபதை ஒட்டி ஓடியது. அணைத்து ஒரு ரேம் துண்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். நாற்பதுக்கு வந்துவிட்டது. தம்பி ஒன்றும் பேசாமல் துண்டைத் திரும்ப மாட்டினான்.

மூன்று மணிக்கு வானம் இருட்டி, கிரேட் வெஸ்டர்ன் மலைப் பக்கம் முதல் முழக்கம் கேட்டது. நான் சொல்வதற்குள் அம்மாவே ப்ளக்கைக் கழற்றிவிட்டார். கேம் நடுவில்.

மழை விடும் வரை கார்ட் பேச்சு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாக இருக்கிறது என்றான். அது வேண்டாம்: அதற்குப் பிசிஐஇ லேன் (தடம்) நாலுதான், பிசிஐஇ 3இல் அந்த நாலும் பாதி வேகம், மெமரியும் 4 ஜிபி. 6600 என்றால் எட்டு லேன், 8 ஜிபி, 132 வொட்; நம் பவர் சப்ளையில் அதற்கான 8 பின் வயர் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த சீட்டில் அவன் பெயரையும் போடச் சொல்கிறான். மாதக் காசு யார் கட்டுவது என்பது இன்னும் பேசி முடியவில்லை.