லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்: சுவரையும் பாருங்க

நுழைவு இலவசம். ஆனா விடுமுறை நாள்னா இணையத்துல முன்பதிவு பண்ணிடுங்க, இல்லன்னா வரிசையிலேயே பாதி காலை போயிடும். மூடுறது 5.50, கடைசி அனுமதி 5.30.

குரோம்வெல் சாலை வாசல் வழியா போனா தலைக்கு மேல 25.2 மீட்டர் நீலத் திமிங்கிலம். 1891-ல அயர்லாந்து வெக்ஸ்போர்ட்ல கரை ஒதுங்கினது, அசல் எலும்பு. 2017 வரைக்கும் அந்த மண்டபத்துல நின்ன டிப்பி டைனோசர் வெறும் பிளாஸ்டர் வார்ப்புதான். கீழேயிருந்து கழுத்து வலிக்கப் பார்க்காம, மாடிக்கு ஏறிடுங்க. விலா எலும்பெல்லாம் பக்கத்துல தெரியும்.

அப்படியே சுவரையும் கவனிங்க. 1881-ல திறந்த கட்டடம், முழுக்க சுடுமண் சிற்பம். வளைவுகள்ல குரங்குங்க தொத்தி ஏறும். மேற்குப் பக்கம் வாழும் உயிரினங்கள், கிழக்குப் பக்கம் அழிஞ்சுபோனவை. இது அருங்காட்சியகத்தோட முதல் தலைமை விஞ்ஞானி ரிச்சர்ட் ஓவன் கேட்ட ஏற்பாடு. வேடிக்கை என்னன்னா, டைனோசர் கூடம் இப்போ இருக்கறது மேற்குல!